இருபதாவது வார ஸ்கேனில் குடல் ஏன் முழுதாகத் தெரிவதில்லை?

"அஞ்சாம் மாசம் எடுத்த அனாமலி ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொன்னாங்க. இப்போ எட்டாம் மாசம் குடல்ல அடைப்புன்னு சொல்றாங்க. அப்போ முதல்ல சரியாப் பார்க்கலையா?" குடல் அடைப்பு கண்டுபிடிக்கப்படும் வீடுகளில் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் பல நேரங்களில், இருபதாவது வாரத்தை ஒட்டிக் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அந்த அனாமலி ஸ்கேனைச் சரியாகத்தான் பார்த்திருப்பார்கள். அடைப்பு அப்போதே இருந்திருக்கும், அதைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிதான் இன்னும் வந்திருக்காது. கருவின் செரிமானப் பாதை விஷயத்தில் இது ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால், ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் பாதி வரிகளுக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

அல்ட்ராசவுண்ட் திரையில் நீர் கருப்பு, எலும்பு வெள்ளை, மற்ற திசுக்கள் எல்லாம் இடைப்பட்ட சாம்பல். நீருக்குள் ஒலி அலை தடையில்லாமல் போய்விடுவதால் எதிரொலி திரும்புவதில்லை, அதனால்தான் கருப்பு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தெளிவான வடிவம் உண்டு, வெறுமனே பார்த்தாலே அடையாளம் தெரியும். குடல் அப்படியில்லை. உள்ளே எதுவும் இல்லாத குடல், காற்று இறங்கிய சைக்கிள் ட்யூப் மாதிரி மடிந்து படிந்து, வயிற்றுக்குள் ஒரு சாம்பல் திட்டாக மட்டும் தெரியும். எந்த வளைவு எங்கே முடிகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே நீர் போனால்தான் சுவர் தனியாக, உள்ளே உள்ள இடம் தனியாகத் தெரியும். அந்த நீர் பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறது: குழந்தை பனிக்குட நீரை விழுங்க வேண்டும்.

விழுங்குவது ஏறக்குறைய 11, 12-ஆவது வாரத்தில் தொடங்குகிறது. ஆனால் அளவு மிகக் குறைவு. 18-ஆவது வாரத்தில்கூட ஒரு நாள் முழுவதும் விழுங்குவது பத்து மில்லி அளவில்தான் இருக்கும். பிரசவ நேரம் நெருங்கும்போது அதுவே நாளைக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை போய்விடுகிறது. இந்த இரண்டு அளவுகளை மனதில் வைத்துக்கொண்டாலே மேலே சொன்ன கேள்விக்குப் பெரும்பாலான பதில் கிடைத்துவிடும். பத்து மில்லி நீருக்கு முன்னால் உள்ள அடைப்பு எதையும் வீங்கச் செய்யாது. அரை லிட்டருக்கு முன்னால் உள்ள அடைப்பு வீங்கச் செய்யாமல் இருக்காது.

கருவைத் திரையில் பார்க்கும் பழக்கமே அவ்வளவு பழையதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் தொழிற்சாலைக் கருவியில் தன் சோதனைகளைத் தொடங்கி, ஜான் மக்விகார், பொறியாளர் டாம் பிரௌன் ஆகியோருடன் சேர்ந்து 1958-இல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். அந்தக் காலத்துப் படங்கள் அசையாதவை. 1970-களில் அசைவை அப்படியே காட்டும் கருவிகள் பரவிய பிறகுதான் இரைப்பை நிறைவதையும் காலியாவதையும், குடல் சுருங்கி விரிவதையும் பார்க்க முடிந்தது. குடலைப் பொறுத்தவரை இந்த மாற்றம் மிகப் பெரியது, ஏனென்றால் குடலை அதன் வடிவத்தைவிட அதன் வேலையை வைத்துத்தான் அதிகம் அறிய முடிகிறது.

இனி ஆரம்பத்திலிருந்து வருவோம். கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் எட்டாவது வாரத்தில், நம்பக் கடினமான ஒன்று நடக்கிறது. கருவின் குடல் வயிற்றை விட்டு வெளியே போகிறது. கல்லீரல் அந்த வயதில் வயிற்றுக்குள் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், குடலோ வேகமாக நீண்டுகொண்டிருக்கும், இடம் போதாது. அதனால் நடுக்குடல் ஒரு வளையமாகத் தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் நுழைந்துகொள்கிறது. அங்கே இருக்கும்போதும், திரும்பி உள்ளே வரும்போதும், குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியை அச்சாக வைத்து மொத்தம் 270 பாகை சுழல்கிறது. நம் உடலில் பெருங்குடல் சிறுகுடலைச் சுற்றி ஒரு சட்டம்போல அமைந்திருப்பதற்கு இந்தச் சுழற்சிதான் காரணம். 12-ஆவது வாரத்துக்குள் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

ஒன்பது, பத்தாவது வாரத்தில் ஸ்கேன் பார்த்தால் தொப்புள்கொடியின் அடியில் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு புடைப்பு தெரியும். அது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு "குடல் வெளியே இருக்கிறது" என்று ஒரு குடும்பத்தைக் கலங்கடிப்பதைவிட மோசமான அவசரம் வேறில்லை. 12 வாரம் தாண்டியும் உள்ளே வராமல் இருந்தால், அல்லது அந்தப் புடைப்பில் கல்லீரலும் இருந்தால் மட்டுமே அது நோய். கல்லீரல் எந்தக் கட்டத்திலும் இயல்பாக வெளியே போவதில்லை என்பது இங்கே நல்ல அளவுகோல். கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் அளவைப் பார்க்கும் என்டி ஸ்கேனை 11 முதல் 14 வாரத்துக்குள், முடிந்தால் 12-ஐ ஒட்டி வைத்துக்கொள்வதில் உள்ள நன்மைகளில் இதுவும் ஒன்று.

குடல் உண்மையிலேயே வெளியே தங்கிவிடும் நோய்கள் முக்கியமாக இரண்டு. தொப்புள்கொடி சேரும் இடத்திலேயே, சவ்வுப் பை மூடியபடி உறுப்புகள் வெளியே இருப்பது ஓம்ஃபலோசீல். இதனுடன் இதயக் கோளாறும் குரோமோசோம் கோளாறும் வர வாய்ப்பு அதிகம். தொப்புளுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறம், வயிற்றுச் சுவரில் உள்ள துளை வழியாகக் குடல் எந்த மூடலும் இல்லாமல் பனிக்குட நீரில் மிதப்பது கேஸ்ட்ரோஸ்கைசிஸ். இதில் குரோமோசோம் கோளாறு அரிது. வசதியுள்ள மருத்துவமனைகள் இருக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். திரையில் இரண்டையும் பிரிப்பது சவ்வு இருக்கிறதா, கொடி எங்கே சேர்கிறது என்ற இரண்டு கேள்விகள்தான். பெற்றோரிடம் சொல்ல வேண்டிய செய்தியோ முற்றிலும் வேறு.

அப்புறம் இரைப்பை. வயிற்றின் இடப்பக்கம் மேலே ஒரு கருப்புக் குமிழி. 9-ஆவது வாரத்திலேயே சிலருக்குத் தெரியும். 13, 14-க்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஸ்கேன் பார்ப்பவர் முதலில் பார்ப்பது அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். இதயமும் இரைப்பையும் ஒரே பக்கம், இடப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் இதயத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இரைப்பை வயிற்றில் இல்லாமல் இதயத்தின் பக்கத்தில், மார்புக்குள் தெரிந்தால், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை. அந்தக் குழந்தைக்கு ஆபத்து செரிமானத்தில் இல்லை, வளர இடமில்லாத நுரையீரலில்.

குமிழியே தெரியாவிட்டால்? அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். கருவின் இரைப்பை நிறைவதும் காலியாவதுமாக இருப்பதால் அரை மணி, முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பது வழக்கம். அம்மாவை எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். கூட்டம் நிறைந்த ஸ்கேன் சென்டரில் இந்த அரை மணி நேரத்தைக் கொடுப்பது எளிதல்ல என்பது தெரியும். ஆனால் இந்தக் காத்திருப்பும் பரிசோதனையின் ஒரு பகுதி என்றுதான் நான் சொல்வேன். திரும்பத் திரும்பப் பார்த்தும் இரைப்பை தெரியவில்லை, கூடவே பனிக்குட நீர் அதிகமாகிறது என்றால், உணவுக்குழாய் பாதியில் முடிந்துபோயிருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது. குழந்தையால் விழுங்க முடியாதபடி நரம்பு, தசைக் கோளாறு இருந்தாலும் இப்படி வரும். பனிக்குட நீரே குறைவாக இருந்தால், விழுங்க ஒன்றுமில்லாததாலும் இரைப்பை சுருங்கிக் கிடக்கலாம்.

உணவுக்குழாய் அடைப்புதான் ஸ்கேனை அதிகம் ஏமாற்றும் நோய். ஏறத்தாழ 2,500 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. பார்த்தால் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம்போலத் தோன்றும்: குழாய் அடைபட்டிருந்தால் இரைப்பை நிறையாது, குமிழி தெரியாது. ஆனால் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் உணவுக்குழாயின் கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு இணைந்திருக்கும். பனிக்குட நீர் மூச்சுக்குழாய் வழியாக இறங்கி இரைப்பைக்குப் போய்விடும். குமிழி சிறியதாக, ஆனால் இருக்கும். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த பிறகுதான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். கழுத்தில், அடைபட்ட மேற்பாதி விழுங்கும்போது நீரால் விரிந்து ஒரு பைபோலத் தோன்றி மறைவதை அனுபவமுள்ளவர்கள் தேடிப் பார்ப்பார்கள். அது சில நொடிகள்தான் தெரியும். சிறந்த கருவியும் பொறுமையும் இருந்தும் தவறிப்போகலாம்; அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இரைப்பையைத் தாண்டியவுடன் வரும் டியோடினம் அடைபட்டிருந்தால் படம் மிகத் தெளிவு. விழுங்கிய நீர் இரைப்பையிலும், அடைப்புக்கு மேலே உள்ள டியோடினத்திலும் தேங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கருப்புக் குமிழிகளாகத் தெரியும். டபுள் பபுள் என்று உலகமெங்கும் இதைச் சொல்கிறார்கள். பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் பார்த்துப் பழகிய இந்த அடையாளத்தைக் கருவிலேயே ஸ்கேனில் பார்த்ததாக 1975-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு குமிழி இருந்தால் மட்டும் போதாது, இரண்டும் ஒன்றோடொன்று இணைவதைக் காட்ட வேண்டும். அம்மாவின் வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோபைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஒரே இரைப்பை நடுவில் மடிந்து இரண்டாகத் தெரியும்; பித்தப்பையோ வேறொரு நீர்க்கட்டியோ பக்கத்தில் இருந்தாலும் அப்படியே தோன்றும்.

இந்த அடைப்பு உருவாவது மிக ஆரம்பத்தில். டியோடினத்தின் உள்ளிடம் சில காலம் செல்களால் நிரம்பி மூடிக்கொண்டு, பிறகு மீண்டும் திறக்கிறது. அது முழுதாகத் திறக்காததே காரணம் என்ற விளக்கத்தை 1900-இல் ஆஸ்திரிய உடற்கூறியலாளர் யூலியஸ் டாண்ட்லர் முன்வைத்தார். அதாவது மூன்றாம் மாதத்துக்குள்ளேயே கோளாறு வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது குமிழி கண்ணுக்குத் தெரிவது பல நேரம் 24 வாரத்துக்குப் பிறகுதான், குழந்தை நிறைய விழுங்கத் தொடங்கிய பிறகு. இருபதாவது வார ரிப்போர்ட்டில் "இரைப்பை இயல்பாக உள்ளது" என்று எழுதியிருந்தால் அது அன்றைக்கு உண்மை.

டபுள் பபுள் தெரிந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். அதனால் பனிக்குட நீரை எடுத்துக் குரோமோசோம் பரிசோதனை செய்வதைப் பற்றி டாக்டர் பேசுவார், இதயத்தையும் தனியாகப் பார்க்கச் சொல்வார். இந்த இடத்தில்தான் தாமதமான கண்டுபிடிப்பு உண்மையில் வலிக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு இந்தியச் சட்டம் குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் கருவில் பெரிய கோளாறு இருப்பதாக மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். பெற்றோர் என்ன முடிவெடுப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குரோமோசோம் இயல்பாக, வேறு கோளாறு இல்லாமல், டியோடினம் மட்டும் அடைபட்ட குழந்தைக்கு அறுவை சிகிச்சையின் பலன் மிக நன்றாக இருக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைத்துச் சாதாரணமாகச் சாப்பிட்டு வளர்கிறார்கள் என்பதைத் தெளிவாக, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தகவல் பின்னால் போய்விடக்கூடாது.

அதற்குக் கீழே சிறுகுடலில் வரும் அடைப்பின் கதை வேறு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஜான் லோவும் கிறிஸ்டியன் பர்னார்டும், தாய் நாயின் கருப்பையிலேயே குட்டிகளின் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டிப் பார்த்து, பிறக்கும்போது அந்த இடத்தில் குடல் அடைபட்டிருப்பதை 1955-இல் வெளியிட்டார்கள். 1967-இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்த அதே பர்னார்டுதான். ஒழுங்காக உருவான குடலுக்குக் கர்ப்பத்தின் நடுவில் ரத்தம் தடைப்பட்டால் அந்தப் பகுதி அழிந்து அடைப்பு ஆகலாம் என்று இதிலிருந்து தெரிந்தது. அப்படியானால் இருபதாவது வாரத்தில் அந்த நோயே இல்லாமலும் இருக்கலாம். ஏழாம், எட்டாம் மாத ஸ்கேனில் பல கருப்பு வளையங்கள் வரிசையாக விரிந்து, அவை வேகமாகச் சுருங்கி விரிவதும் தெரியும். சிறுகுடலின் உள் அகலம் 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

எவ்வளவு மேலே அடைப்பு இருக்கிறதோ அவ்வளவு பனிக்குட நீர் சேரும். குழந்தை விழுங்கிய நீரைச் சிறுகுடல் உறிஞ்சி, ரத்தம், நஞ்சுக்கொடி வழியாக அம்மாவிடம் அனுப்புகிறது. உணவுக்குழாயோ டியோடினமோ அடைபட்டால் நீர் அந்த உறிஞ்சும் பரப்புக்குப் போய்ச் சேராது, வெளியே தேங்கும். அம்மாவின் வயிறு மாதக் கணக்கைவிடப் பெரிதாக இருப்பதும், குறைமாதத்தில் வலி வருவதும் இதனால்தான். பெருங்குடலில் அடைப்பு என்றால் அதற்குள் நீர் முழுவதும் உறிஞ்சப்பட்டுவிட்டிருக்கும். பனிக்குட நீர் இயல்பாகவே இருக்கும். ஆசனவாய் உருவாகாத குழந்தைகள் பெரும்பாலும் ஸ்கேனில் தப்பிவிடுவதற்கு இது ஒரு காரணம். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்கள் இல்லாத ஹர்ஷ்பிரங் நோயை ஸ்கேனில் ஏறக்குறைய கண்டுபிடிக்கவே முடியாது.

ஆசனவாயை நேரடியாகத் தேடிப் பார்க்கிறவர்களும் உண்டு. சுருக்குத்தசை கருப்பு வளையமாகவும் நடுவில் உள்ள சவ்வு வெள்ளைப் புள்ளியாகவும் தெரியும். அதைப் பார்க்கக் குழந்தையின் கால்களுக்கு நடுவே புரோபைத் திருப்ப வேண்டியிருக்கும். இந்தியாவில் புரோபை அந்தப் பக்கம் திருப்பியவுடன் குடும்பத்தினரின் கண்ணும் அங்கேயே போகும். பாலினத்தைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதனால் டாக்டர் பேசாமல் வேலையை முடிப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெற்றோரை அதிகம் பயமுறுத்தும் வரி, "எக்கோஜெனிக் பவல்". குடல் வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரிகிறது என்று பொருள். இரண்டாம் மும்மாத ஸ்கேன்களில் 0.2 முதல் 1.8 சதவீதம் வரை இது பதிவாகியிருக்கிறது. எலும்பு அளவுக்கு வெள்ளையாக இருந்தால் மட்டுமே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது: கருவியின் கெயினை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால், பக்கத்தில் உள்ள இடுப்பெலும்பு மங்கும்போது குடல் இன்னும் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பது. அதிக அதிர்வெண் கொண்ட புரோபில் நல்ல குடலும் வெள்ளையாகத் தெரிவதால், 5 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் குறைந்ததில் உறுதி செய்ய வேண்டும்.

காரணங்கள் பல. நஞ்சுக்கொடியில் சின்ன ரத்தக்கசிவு ஏற்பட்டுக் குழந்தை அந்த ரத்தத்தை விழுங்கியிருக்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தம் பட்டதா என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான். சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, குரோமோசோம் கோளாறு, வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் நோயில் மீக்கோனியம், அதாவது குழந்தையின் முதல் மலம், கெட்டிப்பட்டுக் குடலை அடைத்துக்கொள்வதாலும் இப்படித் தெரியும். இத்தனை இருந்தும், வேறு எந்தக் குறையும் இல்லாமல் இது மட்டும் தெரிந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள். இரவோடு இரவாக இணையத்தில் தேடி முடிவுக்கு வருவதைவிட, ரத்தப் பரிசோதனைகளும், சில வாரம் கழித்து இன்னொரு ஸ்கேனும், குழந்தையின் எடை கூடுகிறதா என்ற கவனிப்பும்தான் இங்கே தேவை. வெள்ளைத் திட்டில் சுண்ணாம்புப் படிவு இருந்து, வயிற்றில் நீரும் சேர்ந்திருந்தால், குடல் துளைபட்டு மீக்கோனியம் வெளியே கசிந்திருக்கலாம். அது தனி விஷயம், உடனே கருநல மருத்துவரிடம் போக வேண்டியது.

அனாமலி ஸ்கேன் நார்மல் என்று வந்த பிறகு பல குடும்பங்கள் கடைசி மாதங்களில் எடுக்கும் குரோத் ஸ்கேனை எடை பார்க்கும் சடங்காக நினைத்துத் தள்ளிப்போடுகின்றன. குடலைப் பொறுத்தவரை 28 முதல் 34 வாரத்துக்குள் எடுக்கும் அந்த ஸ்கேனுக்கு மதிப்பு மிக அதிகம். குறிப்பாகப் பனிக்குட நீர் கூடுதல் என்று ரிப்போர்ட்டில் இருந்தால், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், இரைப்பையும் குடலும் எப்படித் தெரிந்தன என்று கேளுங்கள்.

அடைப்பு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிரசவ முறை பெரும்பாலும் மாறுவதில்லை, அதற்காகவே சிசேரியன் தேவையில்லை. மாறுவது பிரசவம் நடக்கும் இடம். குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவும் பச்சிளங் குழந்தை தீவிர சிகிச்சையும் ஒரே வளாகத்திலோ எட்டும் தூரத்திலோ இருக்க வேண்டும். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களில் இந்த அறுவைகள் செய்யப்படுகின்றன. பிறந்தவுடன் குழந்தைக்குப் பால் கொடுக்காமல், மூக்கு அல்லது வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பையில் தேங்கியதை வெளியே எடுப்பார்கள். உணவுக்குழாய் அடைப்பு என்றால் அந்தக் குழாய் 10 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக் குழந்தையின் நிலையைச் சரிசெய்த பிறகே அறுவை. முன்னதாகத் தெரியாத குழந்தை முதலில் பாலைக் குடித்து, பச்சையாக வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குப் போய், நீர் வற்றி, பிறகு வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் போக வேண்டியிருக்கும். பச்சிளங் குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், எல்லா ஸ்கேனும் நார்மலாக இருந்திருந்தாலும், அன்றைக்கே குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடல் சுழற்சி முழுமையடையாமல் பின்னால் முறுக்கிக்கொள்ளும் குழந்தைகளை எந்த மாத ஸ்கேனும் நம்பகமாகக் காட்டுவதில்லை, அவர்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.